பத்துக்கு எத்தனை

வாங்க அம்முணி, வாங்க. செருப்பை வெளிய உடாதீங்க, உள்ள கொண்டாந்து வைங்க. இந்த வீதியில நாய் தூக்கிட்டுப் போயிரும். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில இருந்து வாறீங்கன்னு கழுத்துல தொங்கற அட்டையப் பார்த்ததுமே தெரிஞ்சு போச்சு. உங்களுக்கு முன்ன இந்த வேலை பார்த்த ஜெசிந்தா கழுத்துலயும் இதே அட்டைதான், இதே நீலக் கயிறுதான். உக்காருங்க. அந்தச் சேர் மேல கெடக்கற துணியத் தூக்கி மெஷின் மேல போட்டுருங்க. பள்ளிக்கூடத்து யூனிபார்முங்க, ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள குடுக்கோணும். நானே எந்திரிச்சு எடுத்திருப்பேன். கையில பட்டன் காஜா பாதியில நிக்குது, உட்டா நூல் உருவிக்கும்.

சொல்லுங்க. அந்த ஊசி சமாச்சாரம்தானுங்களே?

அதானே பார்த்தேன். போன்லயே வேண்டாம்னு சொல்லிப்போட்டேன். நேர்ல ஆள் உட்டா மனசு மாறிருவான்னு பெரிய டாக்டர் அனுப்பிச்சு வெச்சாராக்கும். நீங்க வந்ததுல சந்தோசம். அடுப்புல பால் இருக்குது, காப்பி குடிச்சுட்டுத்தான் போகோணும். ஆனாக் கையெழுத்து மட்டும் கேக்காதீங்க. முட்டி வலி ஆராய்ச்சியில மருந்துன்னு உப்புத்தண்ணி போட்டவங்களுக்கெல்லாம் இப்ப நெச மருந்து இனாமாப் போடறீங்க. நல்ல விசயம், போடுங்க. எனக்கு எதுக்குங்க? எனக்குத்தான் அப்பவே நெச மருந்து போட்டாச்சே.

சிரிக்காதீங்க. நீங்களும் சிரிச்சீங்கன்னா நான் வாயே தொறக்க மாட்டேன்.

நீங்க புதுசு, உங்களைச் சொல்லிக் குத்தமில்லை. ஜெசிந்தா இருந்தா எல்லாம் தெரியும். அது மேல்படிப்புக்குப் போயிருச்சுன்னு சொன்னாங்க. போகட்டும், நல்லாப் படிக்கட்டும். உங்களுக்கு மொதல்ல இருந்து சொல்றேன், கேட்டுட்டு அப்புறம் நாயம் சொல்லுங்க.

நான் பனியன் கம்பெனியில பவர்டேபிள் தையல் மெஷின் ஓட்டுனவ. இந்தத் திருப்பூர்ல என்னாட்டம் பனியனுக்குச் சைடு தையல் அடிக்கறதுக்கு ஆள் இல்லைன்னு என்ற காண்டிராக்டரே சொல்லுவாரு. நாள் பூரா பெடலை அமுக்கி அமுக்கி வலது முட்டி போச்சு. மொதல்ல படியேறும்போது வலிச்சுது. அப்புறம் எறங்கும்போது. அப்புறம் சும்மா உக்காந்திருந்தாலே உள்ளுக்குள்ள யாரோ மணலைப் போட்டு அரைக்கற மாதிரி. ஒரு நாள் கம்பெனி பாத்ரூம்ல உக்காந்தவ எந்திரிக்க மாட்டாம, ரெண்டு புள்ளைங்க வந்து தூக்கி உட்டாங்க. அன்னைக்கோட நின்னுட்டேன்.

வூட்டுல என்ன சொன்னாங்கங்கறீங்க? எங்க வூட்டுக்காரர் சாயப்பட்டறையில வேலை பார்க்கறவரு, பேச்சே அளந்துதான் வரும். "மயிலா, உனக்கு வேலைக்குப் போக நோவு"ன்னாரு. அவ்வளவுதான். அவரோட அக்கா, பக்கத்து வூட்டுல இருக்கறது, பூவாத்தாக்கா, அது அப்படி அளக்காது. வீதியில நின்னு, "என்ற தம்பி பொண்டாட்டிக்கு அரிசி வாங்கப் போகோணும்னா முட்டி வலிக்கும், கண்ணாலத்துக்குப் போகோணும்னா வலிக்காது"ன்னு சொல்லும். கண்ணாலத்துக்குப் போயிட்டு வந்து ராத்திரியெல்லாம் நான் கெடந்த கெடை அதுக்குத் தெரியுமா?

டாக்டருங்ககிட்டப் போகாம இருந்தனா? போனேன். உள்ள போனா, எழுதிக்கிட்டே "வயசாச்சுல்லம்மா, எடையக் கொறைங்க"ம்பாங்க. மாத்திரை குடுப்பாங்க. அடுத்த ஆளக் கூப்புடுவாங்க. எந்த முட்டின்னு கூடக் கேக்கலைங்க. நெசமாத்தான் சொல்றேன், எந்த முட்டின்னு கேக்கலை.

அப்பத்தான் உங்க ஆஸ்பத்திரியில முட்டி வலிக்கு ஆராய்ச்சி நடக்குது, ஆள் எடுக்கறாங்கன்னு ஒருத்தி சொன்னா. போனேன். பெரிய டாக்டர் நல்ல மனுசன்தான், பொறுமையாத்தான் சொன்னாரு. முட்டிக்குள்ள வழுவழுன்னு ஒரு தண்ணி இருக்குது, அந்த வழுவழுப்பே ஹயலூரோனிக் ஆசிட்டுனாலதான், முட்டி தேயத் தேய அது நீத்துப் போயிருது, அதை வெளிய இருந்து ஊசியில போட்டா வலி கொறையுதான்னு பார்க்கறோம்னாரு. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு உப்புத்தண்ணி, யாருக்கு எதுன்னு கடைசி வரைக்கும் தெரியாதுன்னும் சொன்னாரு. சொன்னாருங்க, இல்லைங்கலை. ஆனா எனக்கு ஆசிட்டுங்கற ஒரு வார்த்தைக்கு மேல காதுல எதுவும் உழுகலை.

உங்க ஊர்ல ஆசிட்டுன்னா என்னமோ. எங்க ஊர்ல ஆசிட்டுன்னா ஆசிட்டுங்க. சாயப்பட்டறையில கேன் கேனா அடுக்கியிருக்கும். எங்க வூட்டுக்காரர் கையப் பார்த்தீங்கன்னா, மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் தோலு வேற நெறம். ஒருக்கா கேன் சாஞ்சு ஊத்துனது. அதை நான்தான் எண்ணெய் தடவித் தடவி ஆத்துனேன். அவருகிட்டப் போயி "முட்டிக்குள்ள ஆசிட் ஊத்தப் போறாங்களாமா"ன்னா என்ன சொல்லுவாரு? "அவனுகளுக்குப் பைத்தியமா, இல்லை உனக்கா?"ன்னாரு.

ஜெசிந்தாகிட்டக் கேட்டேன். அது உழுந்து உழுந்து சிரிச்சுது. அது சிரிச்சாக் கோவம் வராதுங்க. "எல்லா ஆசிட்டும் எரிக்காதும்மா, எலுமிச்சம்பழத்துலயும் ஆசிட்தான் இருக்கு"ன்னுச்சு. எலுமிச்சஞ்சாறு கண்ணுல தெறிச்சா எரியறதில்லியான்னு கேட்டேன். அதுக்கும் சிரிச்சுது. அப்புறம், இது நம்ம ஒடம்புலயே ஊறறதுதான், தோல்ல இருக்கு, கண்ணுல இருக்கு, கொழந்தையோட தொப்புள்கொடியில கூட இருக்குன்னு சொல்லுச்சு. முன்னயெல்லாம் சேவக் கொண்டையில இருந்து எடுத்தாங்களாமா. இப்பக் கிருமியத் தொட்டியில வளத்து, மாவு புளிக்க வெக்கற மாதிரி புளிக்க வெச்சு எடுக்கறாங்களாமா. கிருமி கதை எனக்கு எதுக்கு? சேவக் கொண்டைன்னதும் மனசுல ஒட்டிக்கிச்சு. முருகனோட கொடியில இருக்கறது சேவல்தானுங்களே.

பூவாத்தாக்காகிட்டச் சொன்னது என்ற தப்பு. "அப்ப இனி வெடியால அலாரம் வேண்டாம், நீயே கூவிருவே"ன்னுச்சு.

ஆனாலும் போனேன். ஏன் போனேன்னு நெனைக்கறீங்க? ஆசிட்டுன்னு தெரிஞ்சும் போனேன். ஊத்துனா ஊத்தட்டும், வெந்து போனாலாவது எல்லாரும் நம்புவாங்கன்னு போனேன். அவ்வளவு வலிங்க அம்முணி. அவ்வளவு ஆத்தரமும்.

ஊசியச் சுத்தி வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டியிருந்துது. உள்ள இருக்கறது வெள்ளையா, கருப்பா, கெட்டியா, தண்ணியா, ஒண்ணும் தெரியாது. போடற டாக்டருக்கும் தெரியாதாமா. ஜெசிந்தாவுக்கும் தெரியாதாமா. உள்ள எறங்குச்சு பாருங்க, எரிச்சலு! முட்டியில இருந்து தொடை வரைக்கும் சுர்ருனு ஏறுச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு அந்தப் புள்ள கையப் புடிச்சுக்கிட்டேன். அதுவும் உருவிக்கலை, புடிச்சுக்கிட்டே நின்னுச்சு. அப்பவே முடிவு பண்ணிட்டேன், இது ஆசிட்டேதான், நெச மருந்தேதான்னு. நீங்களே சொல்லுங்க, உப்புத்தண்ணி எரியுமா?

என்னது? நெச மருந்தும் எரியாதா? அதெப்படிங்க எரியாமப் போகும், பேர்லயே ஆசிட்டு இருக்குதே!

அம்முணி, பால்! பால் பொங்குது, கொஞ்சம் ஓடிப் போயி அணைச்சிருங்க. நீலக் குமிழு. ஆங், அதுதான். சிந்திருச்சா? உடுங்க, அப்புறம் தொடைச்சுக்கலாம். காப்பித் தூள் அந்த எவர்சில்வர் டப்பாவுல இருக்குது, எனக்கும் சேத்துக் கலந்துருங்க, ஒறம்பரையா வந்தவங்களை வேலை வாங்கறேன்னு நெனைச்சுக்காதீங்க. எந்திரிக்க முடியாம இல்லை. பேச்சு சுவாரசியத்துல உக்காந்தது உக்காந்த மாதிரியே இருந்துட்டேன்.

காப்பி நல்லாப் போட்டிருக்கீங்க.

எங்க உட்டேன்? ஆங், கேள்வி. ஊசியோட வேலை முடிஞ்சுதுன்னு நெனைச்சா, கேள்வி கேக்கறதுன்னு ஒண்ணு இருந்துது. அதுதான் ஜெசிந்தா வேலை. ஒரு தனி ரூம்பு, ஃபேன் ஓடும், கதவைச் சாத்திரும். "வலி சுத்தமா இல்லைன்னா சைபர், தாங்கவே முடியலைன்னா பத்து. எந்திரிக்கும்போது பத்துக்கு எத்தனைம்மா?"ன்னு கேக்கும். மொத நாள், "நீங்களே ஒண்ணைப் போட்டுக்குங்க கண்ணு"ன்னேன். பேனாவை மூடி வெச்சிருச்சு. "உங்க வலி எனக்கு எப்படிம்மா தெரியும்? நீங்க சொன்னாத்தான் தெரியும்"ன்னு உக்காந்துக்கிச்சு. நான் சொல்ற வரைக்கும் அசையவே இல்லை.

அழுதுட்டேன். எதுக்கு அழுதேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலை. அழுதுட்டு, "ஒம்போது"ன்னேன். "ஒம்போது"ன்னு அதுவும் சொல்லி எழுதுச்சு. அப்புறம் மாடிப்படி. அப்புறம் ராத்திரி படுக்கறப்ப. அப்புறம் கடைவீதி. ஒவ்வொண்ணுக்கும் நிறுத்தி நிறுத்திக் கேக்கும். நான் ஆறுன்னா, "போன வாரம் ஏழுன்னீங்க, என்ன மாறுச்சு?"ன்னு கேக்கும். எதுவும் மறக்காது. ஊசி போட்டு முடிஞ்ச பொறகும் வாராவாரம் போன் பண்ணிக் கேட்டுக்கிட்டே இருந்துது. செவ்வாக்கெழமையானாச் சோறு கூட உண்ணாம போனை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன், என்ன நம்பர் சொல்லலாம்னு யோசிச்சுக்கிட்டு. அதெல்லாம் உங்களுக்கு வேண்டாத கதை, நான் மருந்தைப் பத்திச் சொல்றேன்.

மருந்து கேட்டுதுங்க! ஒம்போது எட்டாச்சு, ஆறாச்சு, மூணாச்சு. சென்னிமலை முருகன் கோயிலுக்குப் போனோம், நானும் பூவாத்தாக்காவும். அது கோயில் பஸ்ஸுல ஏறிக்கிச்சு. நான் படியில ஏறினேன். கீழ இருந்து மேல வரைக்கும் என்ற ரெண்டு கால்ல ஏறி, அது வாறதுக்குள்ள பிரகாரம் சுத்திட்டு நின்னேன். அது மூஞ்சிய நீங்க பார்த்திருக்கோணும். கம்பெனிக்கும் திரும்பிப் போனேன். ஒருத்தரும் என்னைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை.

அப்பத்தான் உங்க பெரிய டாக்டர் எல்லாரையும் கூப்புட்டாரு. ஆராய்ச்சி முடிஞ்சுது, யாருக்கு எதுன்னு சொல்றோம்னு. நான் எனக்கு என்னன்னு தெரிஞ்ச தைரியத்துல பூவாத்தாக்காவையும் கூட்டிட்டுப் போனேன். கூட்டிட்டுப் போனேனே! டீயும் பிஸ்கட்டும் குடுத்தாங்க. ஒவ்வொருத்தரா உள்ள கூப்புட்டாங்க. "மயிலாத்தாள், உங்களுக்குப் போட்டது உப்புத்தண்ணி"ன்னாரு. சிரிச்ச மொகமாத்தான் சொன்னாரு. என்ற பக்கத்துல நின்னது என்ன பண்ணும்? முந்தானைய வாயில வெச்சுக்கிட்டுச் சிரிச்சுது. பஸ்ஸுல கண்டக்டர்கிட்டச் சொல்லிச் சிரிச்சுது. எறங்குனதும் வீதிக்கே சொல்லுச்சு: "உப்புத்தண்ணிக்கே ஆடுன ஆட்டமப்பா இது!"

எங்க வூட்டுக்காரர் சிரிக்கலை. அதுதான் எனக்கு இன்னும் நோவுது. சோத்துல கைய வெச்சுக்கிட்டு, "அப்ப உனக்கு முட்டியில ஒண்ணுமே இல்லாம இருந்திருக்குது"ன்னாரு. எந்திரிச்சுக் கை கழுவிட்டுப் போயிட்டாரு.

இப்பப் புரியுதுங்களா? ஊசிக்கு நான் பயப்படலை. நான் உங்க காகிதத்துல கையெழுத்துப் போட்டேன்னா, எனக்குப் போட்டது உப்புத்தண்ணிதான்னு நானே ஒத்துக்கிட்டதாயிரும். உப்புத்தண்ணியில போற வலின்னா அது வலியே இல்லைன்னு ஆயிரும். அப்ப அத்தனை வருசம் நான் பட்டது? கம்பெனி பாத்ரூம்ல கெடந்தது? எல்லாம் நடிப்பு. பூவாத்தாக்கா சொன்னதே நெசம். மாட்டேங்க. செத்தாலும் போட மாட்டேன்.

நீங்க சொல்றதும் காதுல உழுகுது. வலியும் நெசம், வலி போனதும் நெசம், போட்டது மட்டும் உப்புத்தண்ணி. மூணும் எப்படிங்க ஒண்ணா நெசமாகும்? மனசு நம்புனா ஒடம்பு கேட்டுக்கும்ங்கறீங்க. நான் எங்கங்க நம்புனேன்? ஆசிட்டுன்னு நடுங்கிக்கிட்டுப் போனவ நான்! உப்புத்தண்ணி போட்டவங்கள்ல இன்னும் நெறையப் பேருக்கும் வலி கொறைஞ்சுதுங்கறீங்க. அப்ப அந்த டப்பா பூராவே மாறிப் போச்சுன்னு அர்த்தம். பிளாஸ்திரி ஒட்டறவ கை தவறி மாத்தி ஒட்டியிருப்பா. நாங்க லேபிள் அடிக்கறப்ப எம் சைஸ் பனியன்ல எல் சைஸ் லேபிளை அடிக்கறதில்லியா? கம்பெனிக்குக் கம்பெனி நடக்கறதுதான். போட்டவருக்கே தெரியாது, கேட்டவளுக்கே தெரியாதுன்னீங்க, இப்ப மட்டும் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?

எக்ஸ்ரேயில தேய்மானம் இருக்குதா? அதை எனக்கு எதுக்குச் சொல்றீங்க? எங்க வூட்டுக்காரர்கிட்டச் சொல்லுங்க. சாயங்காலம் வருவாரு. இருந்து சொல்லிட்டுப் போங்களேன்.

பஸ்ஸுக்கு நேரமாச்சா? சரி.

இப்ப எப்படியிருக்குதுன்னா, நல்லாத்தான் இருக்குது. கம்பெனியா? நின்னுட்டேன். அது வலியினால இல்லைங்க, வூட்டுலயே நெறையத் துணி வருது. மெஷினுக்கு மோட்டார் மாட்டியிருக்கறது வேகத்துக்கு. இப்பெல்லாம் யாருங்க மிதிக்கறாங்க? முட்டியில சுத்தியிருக்கற இந்தத் துண்டா? இது... வெட்டுனதுல மிச்சம், சும்மா சுத்தி வெச்சேன். நீங்க என்ன போலீசாட்டம் பார்க்கறீங்க! ஆராய்ச்சி முடிஞ்சுதுன்னு ஜெசிந்தா போன் பண்றது நின்னுச்சு பாருங்க, அப்போதைக்குத்தான் மழையும் புடிச்சுது. மழைக்காலத்துல யாருக்கு முட்டி புடிக்காது? செவ்வாக்கெழமை மட்டும் கை பழக்கத்துல போனைத் தேடும். அதுக்கும் முட்டிக்கும் என்ன சம்பந்தம்?

எழுதிக்குங்க. மயிலாத்தாள் ஊசி வேண்டாம்னு சொல்லிப்போட்டா. போட்டது நெச மருந்துன்னும் சொன்னா. உங்க ஆராய்ச்சியில இது தப்பா வந்தா வரட்டும்.

என்ன, எந்திரிச்சுட்டீங்க? அவ்வளவுதானா?

ஒரு நிமிசம் நில்லுங்க அம்முணி. கோயமுத்தூர்ல இருந்து வெயில்ல ரெண்டு பஸ் மாறி வந்திருக்கீங்க. கையெழுத்துக் கேட்டீங்க, இல்லைன்னுட்டேன், கெளம்பிட்டீங்க. ஜெசிந்தா இப்படிப் போகாதுங்க. கேக்க வேண்டியதைக் கேக்காமப் போகாது. ஆராய்ச்சி முடிஞ்சுது, இனிக் கேக்கறதில்லைங்கறீங்க. உங்களுக்கு முடிஞ்சுதுங்க. நான் இன்னும் இங்கதானே இருக்கறேன். ஊசி வேண்டாம்னுதான் சொன்னேன், கேக்க வேண்டாம்னு சொன்னனா?

உக்காருங்க. அந்தக் கதவைச் சாத்திருங்க, பக்கத்து வூட்டுக்குக் கேக்கும். பேனாவை எடுங்க.

எந்திரிக்கும்போதா?

எட்டு.

எட்டுன்னு சொல்லிட்டு எழுதுங்க. அப்படித்தான் எழுதோணும். ஆங். அடுத்தது மாடிப்படி. கேளுங்க.